கடற்றாழையும் பாசியும்: மன்னார்க் கரையில் ஒரு வரலாற்று நோக்கு

தாழை என்னும் சொல் நெய்தல் நிலத்துக் கரையில் வளரும் மணமலர்ச் செடியைக் குறித்தல் தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்ததே. பாக்கு நீரிணைக் கரையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் வாழும் மீனவரோ கடலடியில் வளரும் நீளிலைப் புல்லையும் தாழை என்றே வழங்குகின்றனர். இலை வடிவின் ஒப்புமை பற்றி இவ்வழக்கு எழுந்திருத்தல் கூடும். இத்தாழையும் இதனோடு ஒருங்கு எண்ணப்படும் கடற்பாசியும் கடந்த அறுபது ஆண்டுகளில் எய்திய மாற்றங்களையும் அவற்றின் காரணங்களையும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். தாழை வேரும் தண்டும் பூவும் உடையது, மணலிலும் சேற்றிலும் ஊன்றி நிற்பது, கடற்பசுவிற்கு உணவாவது. பாசிக்கு வேர் இல்லை. அது பாறையையும் பவளத் திட்டையும் பற்றி வாழ்வது. ஆகவே இரண்டிற்கும் வரும் கேடும் ஒரு தன்மைத்தன்று.

புயலால் வரும் கேடு வெளிப்படையானது. அலை மணலை அரித்துத் தாழையை வேரொடு பெயர்க்கும். அன்றி மணலால் மூடும். கலங்கிய நீர் ஒளியை மறைத்து எஞ்சியதையும் நலியச் செய்யும். பாசியோ பற்றிய இடத்தினின்று அறுந்து கரையில் ஒதுங்கும். 1964ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுட்கோடியை அழித்தது. புகைவண்டியையும் கடல் கொண்டது. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. அப்புயலைப் பற்றி எழுதுவோர் ஊரையும் வண்டியையும் பாலத்தையும் கூறுவர். கடலடியைப் பெரும்பாலும் கூறார். மெல்ல வளரும் நெடுந்தாழை பெயர்ந்த இடத்தில் மீண்டும் தழைப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

அப்புயலுக்குப் பின் ஈராண்டு கழித்து, 1966ஆம் ஆண்டு முதல், இக்கரையில் வாணிகத்தின் பொருட்டுப் பாசி எடுத்தல் பெருகிற்று. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் செய்தற்கும், கட்டக்கோரை அல்சினேட்டு செய்தற்கும் பயன்பட்டன. நீரில் மூழ்கி இவற்றை எடுப்போருள் பெண்டிர் மிகுதி. 1986ஆம் ஆண்டில் 21 தீவுகள் அடங்கிய கடல்சார் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. அன்று தொட்டுத் தீவுகளை அணுகுதல் தடைப்பட்டது. பாசி குறைந்தமைக்கு இப்பெண்டிரே காரணர் என்னும் பழியும் எழுந்தது.

இப்பழியை ஆராயுங்கால் வெம்மையை மறத்தல் ஆகாது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் அளவிறந்து வெப்பமுற்றமையால் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறின. அவற்றுள் ஒரு பகுதி மாண்டது. மாண்ட பவளத்தின்மேல் சிறுபாசி விரைந்து படர்தல் உண்டு. அதனைக் கண்டு பாசிவளம் பெருகிற்று எனக் கொள்ளுதல் பிழையாம். எடுப்பார்க்குப் பயன்படும் பாசி அதுவன்று. அயற்கடலினின்று கொணர்ந்து மிதவைகளில் வளர்க்கப்பட்ட கப்பாபைகசு என்னும் பாசியின் விளைச்சலும் 2013ஆம் ஆண்டிற்குப் பின் பெரிதும் சரிந்தது. நீரின் வெப்பமிகுதி அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது.

புயலுக்கும் வெம்மைக்கும் உள்ள வேற்றுமை இங்குப் புலனாகும். வாடைக்காலத்தில் பாக்கு நீரிணை கொந்தளிக்கும். தென்மேல் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். ஒன்று கொந்தளிக்கும்போது மற்றொன்றில் தொழில் செய்தல் இம்மக்களின் மரபு. காற்றிற்குத் திசையும் பருவமும் உண்டு; பெயரும் உண்டு. வெம்மையோ இரு கடலையும் ஒருங்கே பற்றுவது, ஓசையின்றி வருவது, ஒதுங்க இடந்தாராதது. புயலில் இழந்ததை மீட்கத் தாழைக்கும் பாசிக்கும் இடைக்காலம் வேண்டும். வெம்மை அவ்விடைக்காலத்தையே கவர்ந்து கொள்கின்றது.

அளவின்றி எடுத்தலும் பவளக்கல்லைப் பெயர்த்தலும் கேடு விளைத்தன என்பதை யாம் மறுத்திலம். எனினும் புயல், வெம்மை, மாந்தர் செயல் என்னும் மூன்றின் பங்கையும் தனித்தனியே நிறுத்து அறியாது, கண்ணிற்குத் தோன்றும் ஒருவர்மேல் முழுப் பழியையும் ஏற்றுதல் வரலாற்று முறையன்று. 2022ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தாழையைக் காக்க அது துணைபுரியும். ஆயின் எல்லை வகுத்து வெம்மையைத் தடுத்தல் இயலாது. ஆண்டுதோறும் நீரில் மூழ்கி எழும் பெண்டிர் எவ்விடத்தில் எப்பாசி எப்போது அருகிற்று என்பதை அறிவர். அவர்தம் வாய்மொழியையும் சான்றாகக் கொண்டு இக்கடலடியின் வரலாறு எழுதப்படுதல் வேண்டும் என்பதே எம் துணிபு.