தோள் எங்கே இருக்கிறது?

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருமுனை ஜிம்மில் பயிற்சி தரும் தம்பி, ஒருநாள் ஷோல்டர், மறுநாள் ஆர்ம்ஸ் என்று முறை வைத்திருக்கிறார். இரண்டுக்கும் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். ஷோல்டருக்கு உடனே "தோள்" என்றார். ஆர்ம்ஸுக்குத்தான் தடுமாற்றம். கையை மடக்கி, புடைத்த சதையைப் பார்த்துவிட்டு, "இதுவும் தோள்தானே சார்?" என்றார்.

தடுமாறினாலும் சரியாகத்தான் சொன்னார். இன்று தோள் என்றால் துண்டு கிடக்கிற இடம், காவடி ஏறுகிற இடம். பழைய இலக்கியத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் குறித்தது அதற்குக் கீழே முழங்கை வரை நீளும் பகுதியை. முருகனுக்குப் பன்னிரு தோள் என்கிறோம். சிலையில் எண்ணிப் பார்த்தால் இருப்பவை பன்னிரண்டு கைகள். சங்கப் புலவர்கள் பெண்ணின் தோளுக்கு மூங்கிலை உவமை சொன்னார்கள். உருண்டு நீண்ட மூங்கிலுக்கும் கழுத்தோரத்து மேட்டுக்கும் என்ன உறவு? மேற்கையை நினைத்தால் உவமை சட்டென்று பொருந்திவிடுகிறது. குறளில் உறுப்புநலன் அழிதல் என்ற 124ஆம் அதிகாரத்தில், பிரிவால் வாடும் பெண்ணின் தோள் மெலிந்து வளை கழல்கிறது. மெலிவதற்குச் சதை வேண்டுமே! தோள்வளை பூட்டியதும், மல்லர்கள் தோள் தட்டியதும் அந்தச் சதைமேல்தான்.

பெயர் ஏன் மேலே ஏறியது? தோளின் மேற்புறத்துக்கும் பிடரிக்கும் 'சுவல்' என்று தனிச்சொல் இருந்தது. அது வழக்கொழிந்ததும், காலியான இடத்தில் தோள் போய் உட்கார்ந்துகொண்டது என்பது என் கணிப்பு. 'தோள்பட்டை' இதற்குச் சாட்சி சொல்வதாகப் படுகிறது. தோள் வந்து பொருந்தும் பட்டையான எலும்பு அது. தோள் என்பதே அந்த இடமாகிவிட்ட பிறகு பட்டை வெறும் ஒட்டாக நிற்கிறது.

உடம்பும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. மேற்கைக்குள் இருப்பது ஒரே எலும்பு, ஹியூமரஸ். அதன் உருண்டைத் தலை தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கிறது. தோளை மூடும் டெல்டாய்டு தசை மேலே தொடங்கி, ஹியூமரஸின் நடுப்பகுதிவரை இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. முன்பக்கத்து பைசெப்ஸுக்கு, அதாவது இருதலைத் தசைக்கு, இரண்டு தலைகளும் தோள்பட்டை எலும்பில். வால் முழங்கையைத் தாண்டி, முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பில். அதனால்தான் அது கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. வலது கையால் திருகாணியை முறுக்கி இறுக்கும்போது இடது கையால் மேற்கையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். பின்பக்கத்து முத்தலைத் தசையில் ஒரு தலை தோள்பட்டையிலிருந்து, மற்ற இரண்டும் ஹியூமரஸிலிருந்து. எது தோள், எது கை என்று தசைகளே கோடு போடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், லத்தீனில் ஹியூமரஸ் என்றால் தோள்பட்டைப் பகுதி. அங்கே தோளின் பெயர் கை எலும்புக்கு இறங்கிவந்தது. இங்கே கையின் பெயர் தோளுக்கு ஏறிப்போனது.

தமிழில் உடற்கூற்றியல் எழுதியவர்களுக்கு இது தலைவலி. யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளியிட்டார். அந்த மரபில் வளர்ந்த இலங்கைப் பாடநூல்கள் ஹியூமரஸைப் 'புயவென்பு' என்கின்றன. புயம் வடமொழி புஜம். 'வளை' என்ற பொருள்கொண்ட வேரிலிருந்து வந்தது. வளைந்து ஊரும் பாம்பு புஜங்கம் ஆனதும் அப்படித்தான். நல்ல சொல். ஆனால் ஊசி போடும் நர்சம்மா யாரும் புயத்தைக் காட்டச் சொல்வதில்லை. "சட்டைக் கையை ஏத்துங்க", அவ்வளவுதான்.

பேர் இருந்தும் புழங்காத இடத்தின் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். 2021 முதல் நாங்கள் தாம்பரம் மாநகராட்சி. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கேட்பதோ பெருங்களத்தூர் என்று. நடுவில் பீர்க்கன்கரணை.

கன்னடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஓசூரைத் தாண்டிப் போய் 'தோளு' என்றால் இன்றும் கைதான். துண்டு போடும் இடத்துக்கு அவர்கள் 'ஹெகலு' என்ற தனிச்சொல்லைத் தொலைக்காமல் வைத்திருக்கிறார்கள்.