பீகார் பூகம்பம் என்று ஒரு பெயர்

நேபாளத்தின் விக்ரம ஆண்டுக் கணக்கில் அது 1990. அங்கே அதைத் 'தொண்ணூறாம் வருஷத்துப் பூகம்பம்' என்கிறார்கள். நம் பக்கத்தில் அதன் பெயர் பீகார் பூகம்பம். 1934 ஜனவரி 15, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி தாண்டிச் சில நிமிஷங்கள். ஒரே அதிர்ச்சிக்கு இரண்டு பெயர்கள் இருப்பதில் விசேஷமில்லை. ஆனால் பூமி உடைந்த இடம் பீகாரில் இல்லை என்பதும், அது தெரிந்தபின்னும் பெயர் மாறவில்லை என்பதும் கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயங்கள்.

முதலில் பூகர்ப்ப ஆய்வாளர்களே பீகாரைத்தான் சுட்டினார்கள். முங்கேர் நகரம் தரைமட்டமாகியிருந்தது. வடபீகாரில் வயல்கள் வாய் பிளந்து மணலும் நீரும் பீறிட்டு, விளைநிலம் மணல்மேடாகிக் கிடந்தது. கட்டிடங்கள் சாய்ந்து புதைந்த அந்த நீண்ட பரப்பே மையம் என்று முடிவு கட்டியதில் தவறு காண முடியாது. கண்ணுக்குத் தெரிந்த நாசம் அங்கேதான் இருந்தது. கங்கைச் சமவெளியின் வண்டல் தன் அடியிலிருந்து வரும் அதிர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதும், தூரத்து உடைப்பு ஒன்று இங்கே வந்து கூத்தாடலாம் என்பதும் மெல்லத்தான் தெளிவாயின. பழைய கருவிப் பதிவுகளைப் பின்னால் மறுபடி கணக்கிட்டபோது மையம் கிழக்கு நேபாளத்துக்கு, எவரெஸ்டுக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர் அளவுக்கு, நகர்ந்துபோயிற்று. 2013-ல், கிழக்கு நேபாளத்தின் அடிவாரக் குன்றுகளில் அன்று நிலம் மேற்பரப்புவரை கிழிந்த தடத்தையும் கண்டுபிடித்தார்கள். எண்பது வருஷம் கழித்துப் பூகம்பம் தன் சொந்த ஊருக்குத் திரும்பியது என்று சொல்லலாம்.

இந்திய பூகர்ப்ப ஆய்வுத்துறை 1939-ல் வெளியிட்ட பெரிய அறிக்கையை எழுதிய நால்வரில் ஒருவர் ஜான் பிக்னெல் ஆடன். கவிஞர் ஆடனின் அண்ணன். மலையேற்றத்தைப் பற்றி ஆடனும் இஷர்வுட்டும் சேர்ந்து எழுதிய நாடகம் இவருக்குத்தான் சமர்ப்பணம். தம்பியைப் படித்த நம்மில் எத்தனை பேர் அண்ணனைக் கேள்விப்பட்டிருக்கிறோம் என்பது வேறு கதை. அறிக்கையின் தலைப்பில் பீகாரும் நேபாளமும் இரண்டுமே இருக்கின்றன. பீகார் முன்னால்.

பீகார் முன்னால் வந்ததற்குப் பூகர்ப்ப சாஸ்திரம் மட்டும் காரணமில்லை. பீகாருக்குப் பத்திரிகை இருந்தது. சிறையிலிருந்த ராஜேந்திர பிரசாத் இரண்டே நாளில் விடுதலையாகி நிவாரணக் கமிட்டியை நடத்தினார். நேரு முங்கேரில் இடிபாடுகளுக்கு நடுவே மண்வெட்டி பிடித்தார். காந்தி அப்போது ஹரிஜன யாத்திரையில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்ற கருத்தைச் சொன்னார். தாகூர் அதிர்ந்துபோனார். இயற்கையின் விபத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், இப்படி வாதிட்டால் எதிர்க்கட்சிக்காரனும் இதே ஆயுதத்தை எடுப்பான் என்பது அவருடைய மறுப்பின் சாரம். காந்தி அதைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே, பிப்ரவரி 16 அன்று, பிரசுரித்துப் பதிலும் எழுதினார்.

இந்த விவாதத்தைப் பகுத்தறிவுக்கும் நம்பிக்கைக்கும் நடந்த குத்துச்சண்டையாகச் சொல்லி வந்திருக்கிறோம். தாகூர் பக்கமே நியாயம் என்பது என் அபிப்ராயம். பாவம் செய்தவனையும் பாவத்துக்கு ஆளானவனையும் ஒரே கூரையின் கீழ் நசுக்குகிற தண்டனை என்ன தண்டனை? ஆனால் இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது யார் ஜெயித்தார்கள் என்பதல்ல. மறுக்கலாம், மறுத்ததை அச்சிடலாம், அச்சிட்டதற்குப் பதில் வரும் என்ற ஏற்பாடு. எல்லைக்கு அந்தப் புறம் அது கிடையாது.

அந்தப் புறம் ராணாக்களின் ஆட்சி. 1920-ல் கிருஷ்ணலால் அதிகாரி என்பவர் மக்காச்சோளச் சாகுபடி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ராஜத்துரோகம் ஒளிந்திருப்பதாகக் கண்டுபிடித்து ஒன்பது வருஷத் தண்டனை விதித்தார்கள். 1923-ல் சிறையிலேயே இறந்துபோனார். மக்காச்சோளத்துக்கே இந்த மரியாதை என்றால் பூகம்பத்தைப் பற்றி யார் வாயைத் திறப்பார்கள்? பூமி குலுங்கியபோது பிரதமர் ஜுத்த சம்ஷேர் நாட்டின் மேற்குக் கோடியில் வேட்டையில் இருந்தார். இதற்கு ஏதாவது தெய்வ அர்த்தம் உண்டா என்று காத்மாண்டுவில் எவரும் பகிரங்கமாக விவாதித்திருக்க முடியாது.

நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான நேபாளப் பதிவு ராணா குடும்பத்தைச் சேர்ந்த பிரம்ம சம்ஷேர் எழுதிய புத்தகம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த மனிதர் நிவாரணத்தில் நேரடியாக நின்றவர், கவனமாக எழுதியிருக்கிறார். அவர் தரும் கணக்கு: இறந்தவர் 8,519. ஆண்கள் 3,850, பெண்கள் 4,669. பிற்பகலில் வீட்டுக்குள் இருந்தவர்கள் யார் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன என்று தோன்றுகிறது. ஆனால் மொத்தச் சாவில் பாதி, 4,296, காத்மாண்டு பள்ளத்தாக்கில். உடைப்பு நிகழ்ந்ததோ கிழக்கு மலைகளில். பள்ளத்தாக்கு ஒரு பழைய ஏரியின் படுகை; அதன் மெத்தென்ற மண்ணும் செங்கல் வீடுகளின் நெருக்கமும் நிஜமான காரணங்கள். இன்னொரு காரணம் எண்ணுகிறவனின் கால் எதுவரை போயிற்று என்பது. கடைசி இலக்கம்வரை துல்லியமாக இருக்கும் எண்ணை நான் எப்போதும் இரண்டாவது முறை பார்ப்பேன்.

இடிந்த பகுதியை வெட்டி ஜுத்த சம்ஷேர் அகலமான புதிய சாலை போட்டார், தன் பெயரில். அடிப்பாகம் மட்டும் மிஞ்சி நின்ற தரஹரா கோபுரத்தை ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுப்பினார்.

2015 ஏப்ரல் 25, முற்பகல் 11:56. சனிக்கிழமை. அங்கே அது வார விடுமுறை. பள்ளிக்கூடங்கள் காலியாக இருந்ததால் பிழைத்த குழந்தைகள் ஏராளம். விடுமுறை என்பதாலேயே தரஹராவில் ஏறியிருந்தவர்களும் ஏராளம். சுமார் 180 உடல்களை எடுத்தார்கள். இம்முறை ஏரிப்படுகை மெதுவாக, நீண்ட ஊசலாக ஆடியது. தாழ்ந்த வீடுகள் பல எதிர்பார்த்ததைவிடத் தாங்கின. உயரமான ஒல்லிக் கோபுரத்துக்கு அந்த ஆட்டம்தான் எமன். 7.8 அளவு, ஏறக்குறைய 9,000 சாவு.

அந்தப் பூகம்பத்துக்குக் கோர்க்கா என்று பெயர். அங்கே பார்பாக் கிராமத்தருகே உடைப்பு தொடங்கியது. ஆனால் அது கிழக்கு நோக்கி ஓடியது. கோர்க்கா மாவட்டத்தில் இறந்தவர்கள் சில நூறு. தாமாங் மக்கள் மிகுதியாக வாழும் சிந்துபால்சோக்கில் 3,500-க்கும் மேல். பெயர் வைத்ததில் இம்முறை யாருடைய சூதும் இல்லை, தொடங்கிய இடத்தைச் சொல்வது ஆய்வாளரின் வழக்கம். ஆனாலும் கோர்க்கா ராஜவம்சம் புறப்பட்ட ஊர், உலகறிந்த சொல். சிந்துபால்சோக்கை உச்சரிக்க எத்தனை செய்தியாளர்கள் தடுமாறினார்கள்! இந்தியத் தொலைக்காட்சிக்காரர்கள் இடிபாட்டுக்குள் மைக்கை நீட்டிய விதம் பொறுக்காமல், திரும்பிப் போங்கள் என்று நேபாளிகள் இணையத்தில் எழுதியதும் அப்போதுதான். 1934-ல் அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர்களுக்கு இடமே இருக்கவில்லை.

2021 ஏப்ரல் 24 அன்று புதிய தரஹராவைத் திறந்தார்கள். அங்கிருந்து சற்று நடந்தால் ஜுத்த சம்ஷேரின் சாலை. எல்லோரும் அதை நியூ ரோடு என்றுதான் சொல்கிறார்கள். அதில் ஒரு அரசமரம். ராணாக்கள் போய், கட்சிகளுக்குத் தடை இருந்த பஞ்சாயத்துக் காலத்திலும், பத்திரிகை விற்பவர்களும் எழுத்தாளர்களும் வேலையற்றவர்களும் அதன் அடியில் நின்று பேப்பர் படித்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.