ப்ளூஸ் பெரியவர்களும் ராக் பையன்களும்

"ப்ளூஸ்ங்கிறது எரிக் கிளாப்டன் கண்டுபிடிச்சதுதானேடா?"

போன மாதம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் அறை நண்பன் கேட்ட கேள்வி இது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கிடார் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் எல்லோரும் கிளாப்டன், ஜிம்மி பேஜ், கீத் ரிச்சர்ட்ஸ் என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவனுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முன்கதைச் சுருக்கம். 1941-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மிஸிஸிப்பி மாநிலத்துக்குப் போகிறார். அங்கே ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கிடார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞரைப் பதிவு செய்கிறார். பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். சின்ன வயதில் எப்போதும் சேற்றிலேயே விளையாடியதால் பாட்டி வைத்த செல்லப்பெயர் 'மடி', அதாவது சேறு படிந்தவன். மடி வாட்டர்ஸ் என்று உலகத்துக்குத் தெரிந்தவர் இவர்தான். தன் குரலை வெளியிலிருந்து தானே கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் 1943-ல் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார்.

சிகாகோ மதுக்கடைகளில் கூச்சல் அதிகம். வெறும் மரக் கிடாரை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் எடுபடாது. எலெக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினார்கள். கூடவே டிரம்ஸ், பியானோ, மைக்கில் ஒட்டவைத்து ஊதும் மவுத் ஆர்கன். கிராமத்து ப்ளூஸ் நகரத்து ப்ளூஸ் ஆனது இப்படித்தான். லெனார்ட் செஸ், ஃபில் செஸ் என்ற அண்ணன் தம்பிகள் நடத்திய செஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனி இதைத் தட்டுகளாக்கி விற்றது. மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப் இருவரும் அந்தக் கம்பெனியின் இரண்டு தூண்கள். இவர்கள் பாடிய பல பாட்டுகளை எழுதியவர் வில்லி டிக்சன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்தத் தட்டுகள் கடல் தாண்டி இங்கிலாந்துப் பையன்கள் கையில் கிடைத்தன. 1950-ல் வந்த மடி வாட்டர்ஸின் 'ரோலின் ஸ்டோன்' பாட்டிலிருந்துதான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரை எடுத்தது. வுல்ஃப் 1961-ல் பாடிய 'ரெட் ரூஸ்டர்' பாட்டை இவர்கள் 1964-ல் திரும்பப் பாடி, இங்கிலாந்தில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். கிளாப்டன் இருந்த க்ரீம் குழுவின் முதல் ஆல்பத்திலேயே (1966) வுல்ஃப் பாடிய பாட்டும் உண்டு, மடி பாடிய பாட்டும் உண்டு.

இதே 1964-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் செஸ் ஸ்டுடியோவுக்கே போய் ஒலிப்பதிவு செய்தார்கள். அங்கே மடி வாட்டர்ஸ் ஏணியில் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்று கீத் ரிச்சர்ட்ஸ் பல வருஷமாகச் சொல்லி வந்தார். லெனார்டின் மகன் மார்ஷல் செஸ், அப்படி எதுவும் நடக்கவேயில்லை என்று மறுத்துவிட்டார். எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் இந்தக் கதை இவ்வளவு காலம் சாகாமல் ஓடுகிறதே, அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பையன்கள் பணக்காரர்களாகிக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் ஆகவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சரி, கூட்டணிகளுக்கு வருவோம். பையன்கள் பெரிய ஆளானதும் செஸ் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவர்களையும் ராக் ரசிகர்களிடம் விற்றால் என்ன? முதல் முயற்சி 1968-ல் வந்த 'எலெக்ட்ரிக் மட்'. மார்ஷல் செஸ் தயாரிப்பு. சைக்கடெலிக் ராக் வாசிக்கும் குழுவை வைத்து, மடி வாட்டர்ஸை நடுவில் நிறுத்திப் பாடவைத்தார்கள். அவரிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்ட ரோலிங் ஸ்டோன்ஸின் பாட்டு ஒன்றையே அவரைப் பாடவைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆல்பம் ஆரம்பத்தில் நன்றாக விற்றது. விமர்சகர்கள் கிழித்தார்கள், மடிக்கும் பிடிக்கவில்லை. பிற்காலத்தில் ஹிப்ஹாப் ஆட்கள் இதைத் தேடிப் பிடித்துக் கொண்டாடினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன். கிடார் வாசித்த பீட் கோஸி அபாரம்தான். ஆனால் பாடுகிறவர் ஒரு அறையிலும் வாசிக்கிறவர்கள் இன்னொரு அறையிலும் இருப்பது மாதிரியே எனக்குக் கேட்கிறது.

அடுத்த வருஷமே இதற்குப் பிராயச்சித்தம் மாதிரி 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' வந்தது. சிகாகோ மதுக்கடைகளில் பெரியவர்கள் பக்கத்திலேயே நின்று தொழில் கற்ற மைக் ப்ளூம்ஃபீல்ட் (கிடார்), பால் பட்டர்ஃபீல்ட் (மவுத் ஆர்கன்) என்ற இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள். பியானோவில் மடியின் பழைய ஆள் ஓடிஸ் ஸ்பான். பாட்டெல்லாம் மடியின் பழைய பாட்டுதான், யாரும் எதையும் நவீனமாக்கப் பார்க்கவில்லை. தப்பில்லாத ஆல்பம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். 1970 மே மாதம், லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோ. 'லண்டன் ஹவ்லின் வுல்ஃப் செஷன்ஸ்' ஆல்பத்துக்காக வுல்ஃபைக் கூட்டி வந்திருக்கிறார்கள். வயது அறுபதை நெருங்குகிறது, ஆறடிக்கு மேல் உயரம், இதய நோய் வேறு. அவரைச் சுற்றி கிளாப்டன், ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமனும் சார்லி வாட்ஸும். ஒரு பாட்டுக்கு பீட்டில்ஸ் ரிங்கோ ஸ்டார் வந்து டிரம்ஸ் வாசித்துவிட்டுப் போனார். வுல்ஃபின் சொந்த கிடார்காரர் ஹ்யூபர்ட் சம்லினைக் கூட்டி வரும் எண்ணம் கம்பெனிக்கு இல்லை. அவர் இல்லாமல் முடியாது என்று பிடிவாதம் பிடித்தவர் கிளாப்டன். நியாயம்தானே, கிளாப்டன் வாசிக்க வேண்டிய வாசிப்பெல்லாம் முதலில் சம்லின் வாசித்தது!

அந்த ஆல்பத்தில் 'ரெட் ரூஸ்டர்' பாட்டுக்கு முன்னால் ஒத்திகை ஒன்றை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பாட்டு ஆரம்பிக்கிறது, தடுமாறுகிறது, நிற்கிறது. எந்த இடத்தில் சுரம் மாற வேண்டும் என்று வுல்ஃப் கிடாரை எடுத்துத் தானே வாசித்துக் காட்டுகிறார். கிளாப்டன் ரொம்பப் பணிவாக, நீங்களும் கூட வாசித்தால் எங்களுக்குப் பின்தொடர வசதியாக இருக்கும் என்கிறார். யோசித்துப் பாருங்கள். இதே பாட்டை ஆறு வருஷம் முன்னால் இங்கிலாந்தில் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்கள் வைமனும் வாட்ஸும். அதே பாட்டு எங்கே திரும்புகிறது என்று இப்போதுதான் பாடியவரிடமே உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. என் நண்பனின் கேள்விக்கு இந்த இரண்டு நிமிஷமே போதும்.

ஆல்பம் முழுக்க இப்படியா என்றால், இல்லை. சில இடங்களில் பையன்கள் பயந்து பயந்து வாசிப்பது தெரிகிறது. வுல்ஃப் 1976 ஜனவரியில் காலமானார்.

அதே 1970 மே மாதம், உலகத்தின் இன்னொரு மூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் லீ ஹூக்கரும் கேன்ட் ஹீட் குழுவும் சேர்ந்து 'ஹூக்கர் அண்ட் ஹீட்' பதிவு செய்தார்கள். ஹூக்கருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது சாதாரண வேலையில்லை. பன்னிரண்டு பார் கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது. மனசு சொல்லும்போதுதான் அடுத்த இடத்துக்குப் போவார். ஒரு தடவை போன இடத்துக்கு மறுதடவை போக மாட்டார். நம்மூர்க் கச்சேரிக்காரர்களுக்கு இந்த அவஸ்தை புரியும் :-) கேன்ட் ஹீட்டின் ஆலன் வில்சன் அவரை நிழல் மாதிரி தொடர்கிறார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சன் ஹவுஸ் என்ற இன்னும் பழைய பாடகரை 1964-ல் கண்டுபிடித்தபோது, அவர் பல வருஷமாக கிடாரையே தொடாமல் தன் பாட்டுகளை மறந்துபோயிருந்தார். பழைய தட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்த வில்சன்தான் எதிரில் உட்கார்ந்து, அவருடைய பாட்டுகளை அவருக்கே திரும்பச் சொல்லிக்கொடுத்தார். அப்போது வில்சனுக்கு வயது இருபத்தொன்று. 'ஹூக்கர் அண்ட் ஹீட்' 1971-ல் வெளிவருவதற்குள் அவர் இறந்துவிட்டார், 27 வயதில். ஆல்பத்தின் அட்டைப் படத்தில் வில்சன் சுவரில் மாட்டிய போட்டோவாக இருக்கிறார்.

மறுபடி மடி வாட்டர்ஸ். எழுபதுகளின் நடுவில் செஸ் கம்பெனி கைமாறி, கிட்டத்தட்ட மூடியே விட்டது. மடிக்கு அறுபது தாண்டிவிட்டது. அவரைத் தேடி வந்தவர் டெக்ஸாஸ்காரர் ஜானி விண்டர். பிறவியிலேயே அல்பினிசம், வெள்ளை முடி, வெளுத்த தோல், கண்பார்வை மங்கல். பெரிய ராக் ஸ்டார், உட்ஸ்டாக்கில் வாசித்தவர். 1968-ல் ஆஸ்டின் நகரில் மடியின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தபோதுதான் அவரை முதலில் சந்தித்திருந்தார்.

1976 அக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு ஸ்டுடியோவில் மூன்றே நாளில் 'ஹார்ட் அகைன்' பதிவானது. (தலைப்பின் அர்த்தம் கொஞ்சம் வில்லங்கமானது. வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாதபோது கூகிளில் தேடிக்கொள்ளுங்கள்.) தயாரிப்பாளர் என்ற முறையில் விண்டர் செய்தது மிகச் சாதாரணமான காரியம். எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார், சேர்ந்து வாசிக்கச் சொன்னார், அந்த அறையின் சத்தத்தையே பதிவு செய்தார். மவுத் ஆர்கனுக்கு மடியின் பழைய ஆள் ஜேம்ஸ் காட்டன், பியானோவுக்குப் பைன்டாப் பெர்கின்ஸ். மடி பாடினார், அவ்வளவுதான். கிடாரை விண்டரும் பாப் மார்கோலினும் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் பாட்டு 'மேனிஷ் பாய்', மடி 1955-ல் பாடியதுதான். மடி ஒரு வரி பாடுகிறார், பின்னாலிருந்து ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்துகிறார். அடுத்த வரி, மறுபடி கத்தல். அந்த ஆள் விண்டர். எவ்வளவு வேகமாகவும் வாசிக்கத் தெரிந்த மனிதர், பெரியவர் பாடுவதைக் கேட்டு சந்தோஷம் தாங்காமல் கத்துகிறார். 'எலெக்ட்ரிக் மட்'டில் எது இல்லையோ அது இங்கே இருக்கிறது. 1977-ல் வந்த இந்த ஆல்பத்துக்கும், அடுத்த இரண்டு வருஷங்களில் விண்டர் தயாரித்துத் தந்த இரண்டு ஆல்பங்களுக்கும் வரிசையாக கிராமி விருது கிடைத்தது. நான்காவதாக 1981-ல் ஒன்று. 1983 ஏப்ரலில் மடி காலமானார்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பாதிக் கதைதான் சொன்னதாகும். பாட்டுகளின் உரிமை ஆர்க் மியூசிக் என்ற வெளியீட்டு நிறுவனத்திடம் இருந்தது. அதில் செஸ் சகோதரர்களும் பங்குதாரர்கள். உலகமெல்லாம் பையன்கள் பாடியதற்கு வந்த ராயல்டி தங்களுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்று மடியும் வில்லி டிக்சனும் 1976-ல் வழக்குப் போட்டார்கள். 'ஹார்ட் அகைன்' பதிவான அதே வருஷம். அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது.

லெட் ஸெப்பலின் விஷயம் வேறு மாதிரி. மடி 1962-ல் பாடிய, டிக்சன் எழுதிய 'யூ நீட் லவ்' பாட்டின் வரிகள் 1969-ல் அவர்களுடைய 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. டிக்சன் பெயரே தட்டில் இல்லை. 1985-ல் வழக்கு, 1987-ல் சமரசம், பிறகுதான் பெயர் வந்தது. நடுவில் பதினெட்டு வருஷம்! லெட் ஸெப்பலின் கிடாரை நான் இப்போதும் ரசித்துத்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் பணிவாகப் பாடம் கேட்ட கிளாப்டனையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த கிளாப்டனே 2000-ல் பி.பி. கிங்குடன் சேர்ந்து 'ரைடிங் வித் த கிங்' வெளியிட்டார். ஆல்பம் சுமார் ரகம்தான், ரொம்பப் பாலிஷ் போட்டுவிட்டார்கள். அட்டைப் படம் மட்டும் அருமை. திறந்த காரை கிளாப்டன் ஓட்டுகிறார், பின் சீட்டில் கிங் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அறை நண்பன் காதில் இயர்போனை மாட்டி 'மேனிஷ் பாய்' போட்டுவிட்டேன். ஒன்றரை நிமிஷம் பேசாமல் கேட்டான். பிறகு ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிவிட்டு, "பாடுறவரு யாருன்னு தெரியுது. பின்னாடி கத்துறானே, அவன் யாருடா?" என்றான்.

பி.கு.: கேட்க ஆரம்பிப்பவர்கள் 'ஹார்ட் அகைன்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள், பிறகு வுல்ஃபின் அந்த ஒத்திகை. 'எலெக்ட்ரிக் மட்' பிடித்தவர்கள் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம், சண்டைக்கு நான் ரெடி.