முஹன்னத்: அரபுச் சொல்லும் இந்திய உருக்கும்

கஅப் இப்னு சுஹைர் (ரலி) அவர்களின் ‘பானத் சுஆத்’ கஸீதாவைப் பாடம் நடத்தும்போது, ‘முஹன்னத்’ என்னும் சொல்லுக்கு ‘வாள்’ என்று மட்டும் பொருள் எழுதிக் கடந்துவிடும் மாணவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வளர்ந்த அப்பிள்ளைகளுக்கு, தம் நாட்டின் பெயரே அச்சொல்லில் அடங்கியிருப்பது தெரிவதில்லை. ‘ஹிந்த்’ என்பதினின்று பிறந்த சொல் அது. தரஃபாவின் முஅல்லகாவிலும் அது வருகிறது. ஆகவே, இஸ்லாத்திற்கு முன்பே அரபுலகில் இந்திய இரும்பு பெயர் பெற்றிருந்தது.

அகராதிகள் முஹன்னதை ‘இந்தியாவில் செய்யப்பட்ட வாள்’ என்கின்றன. இப்பொருளைச் சற்று விரிக்க வேண்டும் என்பது நம் கருத்து. கப்பலேறியது வாள் மட்டுமன்று, உருக்கும்தான். செங்கடலோர ஆப்பிரிக்கத் துறைகளுக்கு இந்திய இரும்பும் உருக்கும் சென்றதைக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்ளுஸ்’ குறிப்பிடுகிறது. அவை புறப்பட்ட ‘அரியாகே’ மேற்கிந்தியக் கரை, தமிழகம் அன்று. பெருமிதத்தின் பொருட்டு இதை மறைக்க வேண்டியதில்லை. (பிளினி புகழும் ‘சேரிக்’ இரும்பைச் சேரர் இரும்பு என வாதிடுவோர் உண்டு, நமக்கு அதில் முழு உடன்பாடில்லை.)

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்கிந்தி, வாள்களைப் பற்றிக் கலீஃபா முஃதஸிமுக்காக ஒரு ரிஸாலா எழுதினார். சரந்தீப் உருக்கைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசென்று, அங்குள்ள கொல்லர்கள் வாளாக அடித்ததை அதில் காணலாம். இலங்கையின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றாலேயே இயங்கிய இரும்புலைகளைத் தொல்லியலாளர் கில் ஜுலெஃப் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். அவை 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அல்கிந்தியின் காலமும் அதற்குள் அடங்குகிறது. 12ஆம் நூற்றாண்டில் மலபாரிலிருந்து ஏடனுக்கு இரும்பு சென்றதற்குக் கெய்ரோ கெனிஸாக் கடிதங்கள் சான்று. அவற்றை எழுதிய யூத வணிகர்கள் கையாண்டதும் அரபு மொழியையே.

தமிழகத்திற்கும் இக்கலையில் பங்குண்டு. நொய்யற்கரைக் கொடுமணலில் உருக்கு உலைகளின் எச்சங்கள் அகழ்வில் கிடைத்தன. மேல்சிறுவளூரில் உருக்கு வார்த்த மூசைகளின் சிதைவுகளைச் சாரதா சீனிவாசன் கண்டறிந்தார். செய்முறையைப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத் 1839இல் விவரித்தார். தேனிரும்புத் துண்டுகளுடன் ஆவாரஞ் சுள்ளிகளை மண்மூசையிலிட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து உலையில் வைப்பார்கள். தழையின் கரி இரும்பில் ஏறி உருக்காகும். அக்கட்டியை மிகுந்த சூட்டில் அடித்தால் நொறுங்கிவிடும். மிதமான சூட்டில் பொறுமையாக அடித்தால்தான் அரபிகள் ‘ஃபிரிந்த்’ என்ற நீரலை வரிகள் வாளில் தோன்றும்.

அவ்வாளை ஐரோப்பியர் ‘டமாஸ்கஸ்’ வாள் என்றனர். திமிஷ்கின் பெயர் நிலைத்தது. உருக்கு வந்த நாட்டின் பெயர் அங்கே மறைந்தது. அரபு மொழி அதை மறைக்கவில்லை. இவ்வாண்டு மாணவர்களின் குறிப்பேட்டில் ‘வாள்’ என்றிருந்ததை ‘இந்திய வாள்; இந்திய உருக்கில் அடித்த வாள்’ என்று திருத்தச் சொன்னோம்.