பினாங்கு கண்ட பெருந்தொண்டர்



பிழைப்பின் பொருட்டுப் பெங்களூர் வந்து வாழும் தமிழர் நம்மில் பலர், கடையில் எடை குறைந்தாலும், வாங்கிய பொருள் பழுதானாலும், "வந்த இடத்தில் நமக்கேன் வம்பு?" என்று வாளாவிருந்து விடுகின்றோம். நம்மைப் போலவே பிறந்த மண்ணைப் பிரிந்து, கடல் கடந்து சென்ற தமிழர் ஒருவரின் வரலாறு இதற்கு நல்ல மறுமொழியாகும்.

அவரே எஸ்.எம். முகம்மது இத்ரிஸ். 1926-இல் தமிழகத்தில் பிறந்து, இளமையிலேயே மலேயா சென்று, பினாங்கில் வணிகரானவர். 1969-இல் அங்கே தோன்றிய பயனீட்டாளர் சங்கத்தின் தலைமையை ஏற்று, 2019 மே 17-இல் மறையும் வரை அப்பணியிலேயே நிலைத்து நின்றார். நாம் நுகர்வோர் என்பாரை மலேசியத் தமிழர் பயனீட்டாளர் என்பர். வணிகர் ஒருவரே வாங்குவோர் பக்கம் நின்றமை ஈண்டுக் கருதத்தக்கது.

எடையிலும் விலையிலும் தொடங்கிய தொண்டு அவற்றோடு நின்றுவிடவில்லை. தொழிற்சாலைக் கழிவால் ஆறு கெட்டு வாழ்விழந்த கோலா ஜூரு மீனவர்க்கு அச்சங்கம் துணை நின்றது. கதிரியக்கக் கழிவை எதிர்த்துப் புக்கிட் மேரா மக்கள் 1985-இல் தொடுத்த வழக்கிற்கும் தோள் கொடுத்தது. 1992-இல் மக்கள் வென்றனர்; 1993-இல் மேல்முறையீட்டில் தோற்றனர்; எனினும் அடுத்த ஆண்டே அவ்வாலை மூடப்பட்டது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் சங்கம் இதழ் நடத்தியது. தமிழர்க்கு மட்டுமன்றி, ஊரார் அனைவர்க்கும் அவர் உழைத்தார். அதனாலன்றோ அவ்வூர் அவரைத் தன் மகனாகவே கொண்டது!

பதிவேட்டில் ஏறாத முறையீடு முறையீடாகாது என்பது, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் யாம் நாளும் காணும் உண்மை. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய விலை 5 இலட்சம் ரூபாய் வரை எனில், கட்டணமும் இல்லை. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் போற்றி வைப்பதே முதற்படி.

திங்களுக்கு ஒரு மாலை நம் சங்கத்தில் முறையீடு எழுதித் தரும் மேசையொன்று அமையட்டும். அதன்முன் தமிழர் மட்டுமன்றிக் கன்னடச் சோதரரும் வந்தமரட்டும். இதுவே எமது வேண்டுகோள்.

வாழ்க தமிழ்! வாழ்க நமக்கு வாழ்வளித்த கன்னட நாடு!