நிலாவுக்குப் போன பீரங்கி ரயில்



தீம் பார்க் என்றதும் நம் வயதுக்காரர்களுக்குச் சென்னைக் கடற்கரைச் சாலை வி.ஜி.பி.யும், அதன் வாசலில் இமைக்காமல் நின்ற சிலை மனிதரும், தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தாவும்தான் ஞாபகத்துக்கு வரும். பிள்ளைகளை அழைத்துப் போனோம், ராட்டினத்தில் தலை சுற்றியது, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம், ராத்திரி பஸ் பிடித்து ஊர் வந்தோம். அதோடு சரி. ஒரு ராட்டினத்துக்குள் கதை இருக்கும், அந்தக் கதையை முதலாளி மாற்றினால் ஏறியவர்கள் வருஷக்கணக்கில் மனம் நோவார்கள் என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும்.

பாரிஸ் அருகே உள்ள டிஸ்னிலேண்டில் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2005ல் நடந்த மாற்றம். 20 வருஷம் தாண்டியும் பிரெஞ்சு ரசிகர்களுக்கு அந்த வருத்தம் ஆறவில்லை. எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. காரணம், அவர்கள் எடுத்துப் போட்ட கதை நான் பள்ளிக்கூடத்தில் படித்த கதை.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக ஃபைல் கட்டி ஓய்வு பெற்றவன். மகளுக்கு இந்த மலையில் ஆசிரியை வேலை கிடைத்ததால் நானும் பைல் நாட்டுக்காரன் ஆனேன். (ஃபைலிலிருந்து பைலுக்கு வந்தவர் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும்.)

எங்கள் வகுப்பில் ழூல் வெர்ன் எல்லோருக்கும் பிடித்த எழுத்தாளர். தமிழில் ஜூல்ஸ் வெர்ன் என்று எழுதுகிறார்கள். அவர் 1865ல் எழுதிய நாவல் 'த லா தேர் அ லா லூன்', அதாவது 'பூமியிலிருந்து நிலாவுக்கு'. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. பால்டிமோர் நகரத்துப் பீரங்கி நிபுணர்களின் சங்கத்துக்கு வேலை இல்லை. சுடுவதற்கு எதிரி இல்லையென்றால் நிலாவைச் சுடுவோம் என்று அதன் தலைவர் பார்பிக்கேன் தீர்மானம் கொண்டுவருகிறார். ஃபுளோரிடாவில் தரைக்குள் 900 அடி நீளத்துக்குக் 'கொலம்பியாட்' என்ற பீரங்கியை வார்க்கிறார்கள். குண்டுக்குள் 3 பேர் உட்கார்ந்து புறப்படுகிறார்கள். அதில் ஒருவன் மிஷெல் அர்தான் என்ற பிரெஞ்சுக்காரன். அர்தான் என்ற பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் நதார் என்று வரும். நதார் அந்தக் காலத்துப் பிரபல புகைப்படக்காரர், வெர்னின் நண்பர். எங்கள் வாத்தியார் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது வகுப்பே கைதட்டியது.

1969 ஜூலையில் அப்போலோ 11 நிலாவுக்குப் போனபோது எனக்கு 18 வயது. அதுவும் ஃபுளோரிடாவிலிருந்துதான் புறப்பட்டது. அதிலும் 3 பேர். கலத்தின் பெயர் கொலம்பியா. திரும்பி வந்து விழுந்தது பசிபிக் கடலில். வெர்னின் அடுத்த புத்தகத்தில் அந்தக் குண்டு வந்து விழுவதும் பசிபிக் கடலில்தான். குண்டுக்கு அவர் சொன்ன வேகம் வினாடிக்கு 12,000 கெஜம், கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பை விட்டு வெளியேற உண்மையில் தேவைப்படும் வேகம் 11.2 கிலோமீட்டர். பீரங்கியில் வைத்துச் சுட்டால் உள்ளே இருப்பவன் நசுங்கிச் சட்னியாகிவிடுவான் என்பது வேறு விஷயம். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ருஷ்ய நாட்டு சியோல்கோவ்ஸ்கி ராக்கெட்டுதான் வழி என்று முடிவுக்கு வந்தார். அவரும் வெர்னைப் படித்து வளர்ந்தவர்தான்.

இனி டிஸ்னிக்கு வருவோம். 1992 ஏப்ரல் 12ஆம் தேதி பாரிஸுக்குக் கிழக்கே யூரோ டிஸ்னி திறந்தார்கள். பிரெஞ்சு அறிவாளிகள் பலருக்கு அது பிடிக்கவில்லை. நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கின் அதைக் கலாசாரச் செர்னோபில் என்றே சொன்னார். அணு உலை வெடித்துப் 6 வருஷம்தான் ஆகியிருந்தது, அந்த வார்த்தை எவ்வளவு சுட்டிருக்கும் என்று பாருங்கள். வியாபாரமும் சரியில்லை. 1993ல் 530 கோடி ஃபிராங்கு நஷ்டம். மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

பிரெஞ்சுக்காரர்களின் இந்த முணுமுணுப்பை டிஸ்னியின் வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் 'நாளைய உலகம்' என்று ஒரு பகுதி உண்டு, எல்லாம் வெள்ளை நிறம், ராக்கெட்டு. பாரிஸில் அதை மாற்றி 'டிஸ்கவரிலேண்ட்' என்று வைத்தார்கள். பழைய ஐரோப்பியக் கனவுக்காரர்கள், அதாவது வெர்ன், எச்.ஜி. வெல்ஸ், லியோனார்டோ டா வின்சி ஆகியோர் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்களோ, அப்படி ஓர் எதிர்காலம். செம்பு, பித்தளை, ஆணி அடித்த இரும்பு. 'விஷனேரியம்' என்ற வட்டத் திரையரங்கில் வெர்ன் வேஷத்தில் மிஷெல் பிக்கோலி நடித்தார். பெரிய நடிகர்.

அந்தப் பகுதியின் நடுநாயகமாக 1995 ஜூன் 1ஆம் தேதி திறந்ததுதான் 'ஸ்பேஸ் மவுண்டன்: பூமியிலிருந்து நிலாவுக்கு'. டிம் டிலேனி என்பவர் தலைமையில் வடிவமைத்தார்கள். அமெரிக்காவிலும் ஸ்பேஸ் மவுண்டன் இருந்தது. ஃபுளோரிடாவில் 1975, கலிபோர்னியாவில் 1977. அவை இருட்டுக்குள் ஓடும் ரயில்கள், அவ்வளவுதான். பாரிஸில் உள்ளது வெர்னின் புத்தகம். மலை போன்ற கூரையின் பக்கவாட்டில் கொலம்பியாட் பீரங்கியே சாய்ந்து நின்றது. ரயில் அந்தக் குழாய்க்குள் வந்து நிற்கும். புகை, சத்தம், பீரங்கி பின்னுக்கு உதைக்கும், ரயில் மேல்நோக்கிப் பாயும். அந்த வருஷம்தான் கம்பெனி முதன்முதலாக லாபம் பார்த்தது. கட்டணத்தைக் குறைத்ததும் ஒரு காரணம், இந்தப் பீரங்கியும் ஒரு காரணம்.

2001ல் என் அண்ணன் குடும்பத்தைப் பார்க்கப் பாரிஸ் போயிருந்தேன். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு அங்கே போய்க் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்கள் ஏராளம். அண்ணன் மகன் டிக்கெட் எடுத்து என்னை அழைத்துப் போனான். எனக்கு 50 வயது. "சித்தப்பா, பயமாயிருந்தா கண்ண மூடிக்குங்க" என்றான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழகிய இன்றைய நானாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குக் கொஞ்சம் நடுக்கம்தான்.

சத்தத்தோடு கிளம்பியது. இருக்கையின் காதோரத்திலேயே ஒலிபெருக்கி. ஸ்டீவ் பிராம்சன் என்பவர் போட்ட இசை, ரயில் எங்கே திரும்புகிறதோ அங்கே அதுவும் திரும்புகிறது. 3 இடத்தில் தலைகீழ். விண்கற்களுக்கு நடுவே ஒரு சுரங்க எந்திரம். உச்சியில் ஒரு நிலா, மனித முகத்தோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. 1902ல் மெலியே எடுத்த ஊமைப் படத்தில் கண்ணில் குண்டு குத்தி நிற்குமே, அதே நிலா! அங்கே எனக்குப் பயம் போய்விட்டது. பள்ளிப் புத்தகத்தில் மையில் அச்சடித்திருந்ததை ஒருவர் இரும்பில் செய்து என்னை அதற்குள் உட்கார வைத்துவிட்டார் என்று தோன்றியது. இறங்கியதும் அண்ணன் மகனுக்கு அர்தான், நதார் விஷயத்தைச் சொன்னேன். பிரான்ஸில் பிறந்த பிள்ளைக்குப் புதுச்சேரிக்காரன் சொல்லித்தர வேண்டியிருந்தது.

2004 செப்டம்பரில் விஷனேரியத்தை மூடினார்கள். 2005 ஜனவரியில் நிலாப் பயணத்தை நிறுத்தினார்கள். ஏப்ரலில் அதே ரயில் 'மிஷன் 2' என்ற பெயரோடு திரும்பி வந்தது. சிரிக்கும் நிலா இல்லை, புத்தகம் இல்லை, பழைய இசை இல்லை. நிலாவைத் தாண்டி எங்கோ ஒரு நட்சத்திரம் வெடிக்கிறது, அதைப் பார்க்கப் போகிறோம், அதுதான் புதுக் கதை. இசையை மைக்கேல் ஜியாக்கினோ போட்டார், திறமைசாலி, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தேதியைக் கவனியுங்கள். வெர்ன் இறந்தது 1905 மார்ச் 24. அவருடைய நூற்றாண்டு நினைவை 2005ல் பிரான்ஸ் முழுக்கக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர் பிறந்த நாந்த் நகரத்திலும் வாழ்ந்து இறந்த அமியான் நகரத்திலும் விழாக்கள். அதே வருஷத்தில் அவர் கதையைக் கழற்றி எடுத்தார்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். 10 வருஷமாகிவிட்டது, புதிதாக ஏதாவது விளம்பரம் செய்ய வேண்டும் என்று யாரோ நோட் போட்டிருப்பார்கள், மேலே கையெழுத்தாகியிருக்கும். ஆபீசில் காலண்டர் பார்க்காமல் கையெழுத்தாகும் ஃபைல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2012ல் டிஸ்னி லூகாஸ்ஃபிலிம் கம்பெனியை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதனால் 2017ல் அந்த ரயில் 'ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன்' ஆயிற்று. இப்போது உள்ளே ஸ்டார் வார்ஸ் விமானங்கள் சண்டை போடுகின்றன. வெளியே 19ஆம் நூற்றாண்டுப் பீரங்கி, உள்ளே வேற்றுக் கிரகத்துப் போர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

ரசிகர்களின் வருத்தம் இதுதான். தண்டவாளம் அதே தண்டவாளம். வளைவு அதே வளைவு. வெறும் தலைசுற்றலுக்காக வந்தவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்தில் கர்ண மோட்சம் என்று தண்டோரா போட்டுவிட்டு, அதே வேஷக்காரர், அதே மிருதங்கம், அதே அடவோடு கர்ணன் இல்லாத வேறொரு சண்டையை ஆடினால் எப்படி இருக்கும்? ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது என்று விடியற்காலையில் யாராவது சொல்லுவார்களா? பந்தலைப் பிரித்துவிட்டால்கூட மனம் ஆறிவிடும். பந்தல் அப்படியே நிற்கிறது, அதனால்தான் ஆறவில்லை.

முதலாளியின் சொத்து, அவர் இஷ்டம் என்பார்கள். சட்டப்படி சரி. எல்லா மாற்றமும் தப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்ற நீர்ச்சறுக்குப் படகு இருந்தது. 1946ல் வந்த 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தின் கதை. கறுப்பின மக்களின் அடிமைத்தனத்துக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பூசி மெழுகிய படம் என்று அதற்குக் கெட்ட பெயர். அமெரிக்காவில் அதை வீடியோவாகக்கூட டிஸ்னி விற்கவில்லை. 2023ல் அந்தப் படகுகளை நிறுத்தி, 2024ல் தியானா என்ற கறுப்பின இளவரசியின் கதையாக மாற்றினார்கள். அங்கேயும் ரசிகர்கள் அழுதார்கள். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஏலத்தில் விற்றவர்களும் உண்டு. புதுக் கதையில் வில்லனே இல்லை, சப்பென்று இருக்கிறது என்று குறை சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தைக் கேட்டால் நாலு பேர் முன்னால் சொல்லலாம். வெர்ன் யாரையும் இழிவு செய்யவில்லை. பழசாகிவிட்டார், அவ்வளவுதான்.

நம் கொல்லிப்பாவையை நினைத்துக்கொள்கிறேன். இந்த மலையில் தெய்வம் செய்து வைத்த பெண்ணுருவம், காற்றடித்தாலும் இடி இடித்தாலும் நிலம் நடுங்கினாலும் குலையாதது என்று சங்கப் பாடல் சொல்லுகிறது. சிரித்தே ஆளைக் கொல்லும் என்று பிற்காலத்தில் கதை வளர்ந்தது. டிஸ்னிக்காரர்கள் செய்யும் அசையும் பொம்மைக்கு நம் முன்னோர் 2000 வருஷம் முந்திவிட்டார்கள் என்று பேரனிடம் பெருமை அடித்துக்கொள்வேன். அவன் "எங்க தாத்தா இருக்கு, காட்டு" என்பான்.

டிஸ்கவரிலேண்டில் வெர்னின் மிச்சம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஸ்பேஸ் மவுண்டனை ஒட்டிய குளத்தில் 'நாட்டிலஸ்' நீர்மூழ்கிக் கப்பல் மிதக்கிறது. 1994ல் வைத்தது. படியிறங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம். அதன் கேப்டன் நெமோ யார் தெரியுமா? புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் உறவு, 1857ல் வெள்ளைக்காரனை எதிர்த்துப் போரிட்டவன், பெயர் இளவரசர் தக்கார். அவனுடைய கப்பல் நம் மன்னார் வளைகுடாவுக்கும் வருகிறது. சுறாவிடம் சிக்கிய ஓர் ஏழை முத்துக்குளிப்பவனைக் காப்பாற்றி, ஒரு பை முத்துகளை அவன் கையில் கொடுத்து அனுப்புகிறான் நெமோ.

ஆனால் வெர்ன் முதலில் நினைத்த நெமோ இந்தியன் இல்லை. ருஷ்யாவைப் பழிவாங்கும் போலந்துப் பிரபு. ருஷ்யாவில் புத்தகம் விற்காது என்று பதிப்பாளர் எட்ஸெல் மறுத்துவிட்டார். வெர்ன் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுச் சண்டை பிடித்தார், கடைசியில் ஊர் பேர் சொல்லாமல் விட்டுவிட்டார். 1875ல் 'மர்மத் தீவு' நாவல் வந்தபோதுதான் நெமோ நம் ஊர்க்காரன் ஆனான். அந்த மாற்றத்துக்கும் காரணம் முதலாளியின் கல்லாப்பெட்டிதான். அதைப் பற்றி எனக்கு இதுவரை ஒரு வருத்தமும் இல்லை.