காவல் முதல் பொறுப்பு வரை: பிரிந்த பெற்றோரும் பிள்ளையும்

மணமுறிவு, கணவன் மனைவி என்னும் உறவை முடித்துவைக்கும்; தாய் தந்தை என்னும் உறவை முடித்துவைப்பதில்லை. இன்று நாம் எளிதில் ஏற்கும் இக்கருத்து சட்டத்தில் வேரூன்ற ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றைச் சட்டம் ஆண்ட சொற்களின் வழியே காண முற்படுவோம்.

1826ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தின் வாயிலாக ஆங்கிலச் சட்டம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆதலின் இங்கிலாந்திலிருந்து தொடங்குவதே முறை. அந்நாளில் அங்கே பிள்ளை தந்தைக்கு மட்டுமே உரியது. 1804இல் தெ மேன்வில் என்னும் வழக்கில், பால்குடி மறவாத எட்டு மாதக் குழந்தையைத் தந்தை தாயிடமிருந்து பறித்துச் சென்றார். தாய் நீதிமன்றத்தை நாடினார். குழந்தையை வைத்துக்கொள்ளும் உரிமை தந்தைக்கே என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

1836இல் கேரலைன் நார்ட்டன் என்னும் எழுத்தாளரின் மூன்று புதல்வர்களையும் அவர்தம் கணவர் பிரித்துக்கொண்டார். அத்தாய் எழுத்தையே படைக்கலமாகக் கொண்டார். அவர் வெளியிட்ட சிறுநூல்கள் நாடாளுமன்றத்தின் மனத்தை அசைத்தன; 1839இல் புதிய சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறும், மூத்த பிள்ளைகளைக் காண இசைவு தருமாறும் தாய் நீதிமன்றத்தில் வேண்டலாம் என்பது அதன் சாரம். ஆயினும் கணவர் பிள்ளைகளை அச்சட்டம் செல்லாத ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவைத்திருந்தார். 1842இல் இளைய மகன் குதிரையிலிருந்து விழுந்து, அக்காயத்தால் இறந்தான். தாய் சென்று சேர்ந்தபோது மகன் உயிருடன் இல்லை. பிற தாய்மார்க்கு வழி திறந்த சட்டம், அதனை வென்றெடுத்தவருக்குக் காலத்தில் உதவவில்லை. பிள்ளையோடு கழிக்கத் தவறிய நாள்களை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தருவதில்லை என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

தந்தையின் உரிமையா, தாயின் உரிமையா என்ற வினா மெல்ல மெல்லப் பின்தள்ளப்பட்டது. 1925இல் இங்கிலாந்துச் சட்டம், பிள்ளையின் நலனே தலையாயது என்று விதித்தது. அதே நெறி 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இவ்வட்டாரத்திற்கும் வந்தது. 1961இல் சிங்கப்பூர் இயற்றிய மாதர் சாசனம், பிள்ளைகளைப் பேணுவதில் கணவனும் மனைவியும் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்றது. மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்டு 1982இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணமுறிவுச் சட்டம், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலம் என்னும் அனுமானத்தைக் கொண்டுள்ளது. தக்க காரணம் காட்டி அதனை மறுக்கவும் இடமுண்டு. நார்ட்டன் காலத்து ஏழு வயது வரம்பு இங்கும் தோன்றுவது எண்ணத்தக்கது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலச் சட்டம் நெடுங்காலம் ஆண்ட 'கஸ்டடி' என்னும் சொல்லைத் தமிழில் 'காவல்' என்கிறோம். அச்சொல் பேணுதலையும் குறிக்கும். கைதியை அடைத்துவைத்தலையும் குறிக்கும். காவலில் வைக்கப்படுவது பொருள். அதனை ஒருவர் வெல்வார், மற்றவர் இழப்பார். 1989இல் இங்கிலாந்து இச்சொல்லையே விலக்கிப் 'பெற்றோர் பொறுப்பு' என்னும் தொடரைச் சட்டத்தில் அமைத்தது. உரிமையைப் பறிக்கலாம், பொறுப்பு அவ்வாறு பறிபோவதன்று.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் பழைய சொல் நீடித்தபோதிலும் அதன் பொருள் மாறிற்று. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. பிள்ளை அன்றாடம் ஒருவரிடம் வாழலாம்; மற்றவர் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிள்ளையோடு இருக்கலாம். ஆனால் கல்வி, சமயம், மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளில் இருவருக்கும் பங்குண்டு. அம்முடிவுகளை ஒருவரிடமே ஒப்படைப்பது விதிவிலக்காக இருக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பிள்ளையைத் துன்புறுத்தும் பெற்றோர் அவ்விலக்கிற்கு உரியவர். கூட்டுப் பொறுப்பு என்பது பிள்ளையின் பாதுகாப்பைப் பணயம் வைப்பதன்று என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டம் மாறினாலும் வழக்குச் சொற்கள் எளிதில் மாறுவதில்லை. 'பிள்ளை யாருக்கு?' என்றே இன்றும் வினவுகிறோம். 1804ஆம் ஆண்டின் தீர்ப்பு அவ்வினாவில் ஒளிந்திருக்கிறது. இரண்டு வீடுகளிலிருந்து மாறி மாறிப் பள்ளிக்கு வரும் மாணவர் நம் வகுப்பறைகளிலும் உளர். பெற்றோர் சந்திப்புக்கு இருவரையும் அழைக்கும் ஆசிரியர், 'இந்த வாரம் யாரிடம் இருக்கிறாய்?' என்பதை இயல்பான குரலில் கேட்கும் தோழர் ஆகியோர் சட்டம் சொல்ல முயன்றதைத் தம் சொல்லால் நிறைவேற்றுகின்றனர். 'பிள்ளைக்கு யார் யார் உளர்?' என்று வினாவை மாற்றிக் கேட்போம். அங்ஙனம் கேட்கும் நாளில் தாயும் தந்தையும் எதிர்த்தரப்பினராக நில்லாது, ஒரே விடையின் இரு பகுதிகளாக நிற்பர்.